பனிமலை விடுமுறையில் உம்மாவுக்கும் விடுமுறை உண்டா?



சூறா குறைஷை மனனமிடாத பிள்ளை நம் வீடுகளில் இல்லை. குறைஷியரின் குளிர்காலப் பிரயாணத்தையும் கோடைகாலப் பிரயாணத்தையும் அச்சிறிய சூறா நமக்கு நினைவூட்டுகிறது. குளிர்காலத்தில் அவர்கள் சென்றது வெப்பமான யெமனுக்கு, கோடையில் சென்றது குளிர்ச்சியான ஷாம் தேசத்துக்கு என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகின்றனர். குளிருக்குத் தப்பிச் செல்வதே மனித இயல்பு. இன்றோ, கைநிறையக் காசு கொடுத்துக் குளிரைத் தேடிச் செல்லும் காலமாகிவிட்டது.

ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் பிள்ளைகள் வசிக்கும் குடும்பங்களுக்கு, "உம்மா, வாப்பா, டிசம்பர் லீவுக்கு வாங்க, எல்லாரும் சேர்ந்து பனிமலைக்குப் போவோம்" என்ற அழைப்பு வருவது இப்போது புதினமல்ல. அழைப்பு வந்த வீட்டில் இரண்டு குரல்கள் எழும். "அது நமக்குரிய இடமல்ல" என்பது ஒன்று. "உடனே டிக்கட் போடுங்கள்" என்பது மற்றது. ஆனால் பெரும்பாலும் எவரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அந்த ஏழு நாளும் வீட்டுப் பெண் எங்கே நிற்கப் போகிறாள்? மலையிலா, அடுப்படியிலா?

இம்மாதம் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு பிரயாணத்தைத் திட்டமிட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஒஸ்திரியா நாட்டின் ஸெல் ஆம் ஸே.

ஏரியும் மலையும்

சால்ஸ்பர்க் மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 750 மீற்றர் உயரத்தில், அல்ப்ஸ் மலைகளுக்கிடையே ஓர் ஏரிக்கரையில் அமைந்த சிற்றூர் இது. துறவிகளின் குடிலொன்று அங்கிருந்ததால் வந்த பெயர் என்பர். 1875ஆம் ஆண்டு புகையிரதப் பாதை வந்தபின் உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கினர். ஊருக்கு மேலே நிற்கும் ஷ்மிட்டன்ஹோஹே மலை 1965 மீற்றர் உயரமானது. அதற்குக் கேபிள் கார் போட்டது 1927இல். பக்கத்து ஊரான கப்ரூனில் 3203 மீற்றர் உயரமான கிட்ஸ்ஸ்டைன்ஹோர்ன் சிகரம் இருக்கிறது. அதன் பனியாற்றில் 1965இல் தொடங்கிய சறுக்கு மைதானம்தான் ஒஸ்திரியாவில் இவ்வகையில் முதலாவது. சால்ஸ்பர்க் நகரிலிருந்து புகையிரதத்தில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஏரிக்கரையில் இறங்கலாம்.

இந்த ஊரை நான் தெரிவு செய்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. கோடைகாலத்தில் சவூதி, குவைத், அமீரகக் குடும்பங்கள் பெருமளவில் வரும் ஐரோப்பிய ஊர்களில் இது முக்கியமானது. மழையும் பச்சையும் நீரும் அவர்களுக்கு அதிசயம். கடைகளில் அறபு எழுத்தைக் காணலாம். அக்குடும்பங்களில் சில வீட்டுப் பணிப்பெண்களையும் உடன் அழைத்து வருவதுண்டு. நமது நாட்டிலிருந்து எத்தனை சகோதரிகள் வளைகுடா வீடுகளில் உழைத்தார்கள், உழைக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா? அப்படிப் போனவள் கண்ட அல்ப்ஸ் மலை எது? பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலுள்ள ஜன்னலில் தெரிந்த மலைதான். கூலிக்குப் போனவளின் நிலை அது. கூலியில்லாமல் போகும் தாயும் மனைவியும் அதே ஜன்னலடியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

காசும் கடமையும்

முதலில் பணம். உச்ச பருவத்தில் பெரியவர் ஒருவருக்கு ஒருநாள் மலைச் சீட்டு மட்டும் 70 யூரோவைத் தாண்டும். சறுக்குப் பலகை, சப்பாத்து, தலைக்கவசம் வாடகை வேறு. கற்றுக்கொடுக்கும் ஆசிரியருக்கான கட்டணம் வேறு. இலங்கைக் கடவுச்சீட்டில் போவோருக்கு ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் அதன் கட்டணம் 90 யூரோ. 6 முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்கு 45 யூரோ. 6 வயதுக்குக் குறைந்தவருக்கு இல்லை. பிரயாணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குப் பிந்தக் கூடாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் கேட்பார்கள்.

கடன் வாங்கிச் சறுக்கப் போக வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. கொடுக்க வேண்டிய ஸகாத் நிலுவையில் இருக்க, தம்பியின் கடன் திருப்பப்படாமலிருக்க, மலைச் சீட்டு வாங்குவது எந்த ஒழுங்கு? இவையெல்லாம் தீர்ந்து, ஹலாலான உழைப்பில் மிஞ்சிய பணத்தில் குடும்பத்துடன் அல்லாஹ்வின் படைப்பைப் பார்க்கப் போவதை மார்க்கம் தடுக்கவில்லை. பூமியில் பிரயாணம் செய்து பார்க்கச் சொல்லி அல்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது.

விளையாட்டு பெண்ணுக்கு எதற்கு என்று முகம் சுளிப்போர் ஒரு சம்பவத்தை நினைத்துப் பார்க்கட்டும். ஒரு பிரயாணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் தோழர்களை முன்னே போகவிட்டு, ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். அன்று ஆயிஷா (ரழி) அவர்கள் வென்றார்கள். சில காலத்துக்குப் பின் இன்னொரு பிரயாணத்தில் மீண்டும் ஓடியபோது நபி (ஸல்) அவர்கள் வென்று, முன்னைய தோல்விக்கு இது ஈடு என்று சொல்லி மகிழ்ந்தார்கள். மனைவியைப் பிரயாணத்தில் மகிழ்விப்பது கணவனின் கண்ணியத்தைக் குறைக்காது என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

யார் சமைப்பது?

இப்போது நமது கேள்விக்கு வருவோம். பனிமலை ஊர்களில் தங்க இரண்டு வழி. ஒன்று, சமையலறையுடன் கூடிய வாடகை வீடு. மற்றது, காலையும் இரவும் உணவு தரும் ஹோட்டல். நமது குடும்பங்கள் உடனே முதலாவதைப் பிடிக்கும். காரணம் ஹலால். நியாயமான காரணம்தான். ஆனால் அதன் சுமை யார் தலையில் இறங்குகிறது? பத்துப் பேர் ஈரக் காலுறையுடனும் கடும் பசியுடனும் மாலை நாலரைக்கு வந்து கதவைத் தட்டும்போது, உள்ளே ஆணம் கொதிக்க வைத்துக்கொண்டு நிற்பவள் யார்?

ஹலால் பேணுவது குடும்பம் முழுவதன் கடமை. அதைப் பெண்ணின் தனிக் கடமையாக்கியது நமது பழக்கம், மார்க்கமல்ல. வீட்டிலிருக்கும்போது நபி (ஸல்) அவர்கள் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள். ஆகவே வாடகை வீடு எடுப்பதென்றால், புறப்படுமுன் ஒரு தாளை எடுங்கள். ஏழு இரவுகளையும் எழுதுங்கள். எந்த இரவு யார் சமையல், யார் பாத்திரம் என்று பெயர் போடுங்கள். வாப்பாவின் பெயரும் மகன்மாரின் பெயரும் அதில் இருக்கட்டும். முட்டைப் பொரியலும் பாணும் பருப்பும் ஓர் ஆணால் ஆக்க முடியாத சமையலா? பிள்ளைகளை இதில் பழக்கினால், விடுமுறை முடிந்த பின்னும் வீட்டுக்குப் பயன்.

ஹோட்டல் என்றால் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்: மரக்கறி உணவு அல்லது மீன் கிடைக்குமா, வைன் சேர்க்காமல் சமைப்பார்களா என்று. அறபுக் குடும்பங்கள் கோடையில் வருவதால் ஹலால் உணவகம் மாரியிலும் திறந்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். விசாரித்துக்கொண்டு போங்கள்.

மலை உணவகங்களில் சில பெயர்களைத் தெரிந்து வைப்பது நல்லது. ஷ்னிட்ஸெல் என்பது ரொட்டித் தூளில் பொரித்த இறைச்சி. பழைய முறையில் கன்றிறைச்சியில் செய்வது. ஆனால் இன்று பல இடங்களில் பன்றியில் செய்கிறார்கள். கன்றென்றாலும் அறுப்பு முறை நமக்குத் தெரியாது. ஷ்பெக் என்ற சொல் எங்கே கண்டாலும் அது பன்றி. கைஸர்ஷ்மார்ன் என்பது பிய்த்துப் போட்ட இனிப்புத் தோசை போன்றது, பிள்ளைகள் விரும்புவர். ஆனால் அதில் போடும் முந்திரிகை வற்றலைச் சிலர் றம்மில் ஊறவைப்பர். கேட்டுவிட்டே வாங்குங்கள். தேயிலை நாட்டவரான நாம் ஏமாறக்கூடிய இடம் ஒன்றுண்டு. யாகர்டே என்று ஒரு தேநீர் விற்பார்கள். பெயரில்தான் தேநீர், உள்ளே றம் இருக்கும். க்ளூவைன் என்பது சூடாக்கிய வைன். பிள்ளைகளுக்கென்று கின்டர்புன்ஷ் என்ற பெயரில் மதுவில்லாத சூடான பழரசம் கிடைக்கும். மலை வாவிகளில் கிடைக்கும் ஃபொரெல்லே மீன் நல்ல உணவு.

தொழுகை நேரம்

டிசம்பர் கடைசியில் அங்கே பகல் எட்டரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. ழுஹர் 12.10 அளவில் வரும். அஸர் 2.10 அளவில், மஃரிப் 4.20 அளவில். ஸுபஹுக்கு எழுவது இலேசு, சூரியன் உதிக்க எட்டு மணியாகும். கஷ்டம் ழுஹரிலும் அஸரிலும்தான். இரண்டும் நீங்கள் மலையில் இருக்கும் நேரம்.

"பிரயாணிதானே, சேர்த்துச் சுருக்கித் தொழலாம்" என்று சிலர் சொல்வர். கவனியுங்கள். போகும் நாளையும் வரும் நாளையும் விட்டு, ஓரிடத்தில் நாலு நாள் தங்க நிய்யத் வைத்தவர் ஷாஃபிஈ மத்ஹபின்படி பிரயாணியின் சலுகையை அங்கே இழக்கிறார். பனிமலை விடுமுறை வழக்கமாகச் சனி முதல் சனி வரை ஏழு நாள். ஆகவே அந்த ஊரில் ஒவ்வொரு தொழுகையையும் அதனதன் நேரத்தில் முழுமையாகத் தொழ வேண்டும். வழியில் வேண்டுமானால் சேர்த்துச் சுருக்கலாம்.

இதற்கும் வழி இருக்கிறது. சறுக்குச் சப்பாத்து விறைப்பானது, கணுக்காலுக்கு மேல் பூட்டுவது. அதைப் போட்டுக்கொண்டு ஸுஜூது செய்வது நடவாத காரியம். பகலுணவுக்கு உணவகத்தில் அதைக் கழற்றும் வேளையையே வுழூவுக்கும் தொழுகைக்கும் வையுங்கள். சாதாரண மெல்லிய காலுறைக்கு மேல் மஸ்ஹு செய்வது நமது மத்ஹபில் செல்லாது. கழிவறையில் சுடுநீர்க் குழாய் இருக்கையில் குளிரைக் காட்டித் தயம்மும் செய்யவும் இடமில்லை. ழுஹரைத் தொழுதுவிட்டுச் சாப்பிட்டு, பிள்ளைகளை இளைப்பாற விட்டால் அஸரும் வந்துவிடும். அல்லது மூன்றரைக்கெல்லாம் இறங்கி அறையில் அஸரைத் தொழலாம். கடைசி வண்டி வரை சறுக்கினால் அஸர் கைநழுவும். நமக்குக் கிப்லா மேற்குப் பக்கம். அங்கே அது தென்கிழக்கு. திசைகாட்டியொன்று பையில் இருக்கட்டும்.

உடையும் ஒழுக்கமும்

சறுக்கு உடையே தளர்வானது, கழுத்து முதல் கால் வரை மூடுவது. இந்த விளையாட்டில் அந்தக் கவலை குறைவு. தலைக்கு இறுக்கமான உட்தொப்பி அணிந்து அதன்மேல் தலைக்கவசம் போடலாம். தொங்கும் நீண்ட முந்தானை வேண்டாம், இழுவை வண்டியில் சிக்கினால் உயிராபத்து. பெண் ஆசிரியை வேண்டுமென்று சறுக்குப் பள்ளியில் முன்பதிவின்போதே கேளுங்கள்.

முகத்திரை அணியும் சகோதரிகள் ஒன்றை அறிய வேண்டும். 2017 ஒக்டோபர் 1 முதல் ஒஸ்திரியாவில் பொது இடங்களில் முகத்தை மூடுவது சட்டப்படி தடை. மீறினால் 150 யூரோ வரை அபராதம். விளையாட்டில் ஈடுபடும்போது அணியும் முகமறைப்புக்கு அச்சட்டத்தில் விலக்குண்டு. ஆனால் ஏரிக்கரையில் உலாவும்போது அந்த விலக்கு உதவாது. தலையை மூடும் ஹிஜாபுக்கு இத்தடை இல்லை. முகம் திறக்க மனம் ஒப்பாதவர் போகாமலிருப்பதே கண்ணியம். அதற்காக அவரை எவரும் வற்புறுத்தக் கூடாது.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். அந்நாட்டு ஹோட்டல்களின் நீராவிக் குளியல் அறைகளில் ஆணும் பெண்ணும் கலந்து, ஆடையின்றி இருப்பது வழக்கம். தெரியாமல் கதவைத் திறந்து திகைக்க வேண்டாம். பெண்களுக்கென்று தனி நேரம் உண்டா என்று கேட்டறியுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

விருந்தாளிக்கும் ஒழுக்கம் உண்டு. 2014இல் இவ்வூரில் அறபு விருந்தினருக்கென ஒரு கைநூல் வெளியிட்டார்கள். வண்டியில் ஆசனப்பட்டி அணியுங்கள், கடையில் பேரம் பேசாதீர்கள், ஹோட்டல் அறையில் நிலத்திலிருந்து சாப்பிடாதீர்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. கண்டனம் எழவே அதை மீளப் பெற்றார்கள். நிலத்திலிருந்து உண்பது நமக்குக் குறையல்ல. அதைக் குறையாக எழுதியது அவர்களின் அறியாமை. ஆனால் பிள்ளைக்கு ஆசனப்பட்டி போடாத தகப்பனுக்கு அதைச் சொல்லித்தர ஒரு கைநூல் தேவைப்பட்டிருந்தால், அது நமது குறை. 1912 முதலே இஸ்லாத்தைச் சட்டப்படி அங்கீகரித்த நாடு அது. நமது நடத்தையால் அங்கே வாழும் முஸ்லிம்களுக்குத் தலைகுனிவு வரக்கூடாது.

ஒட்டகத்தைக் கட்டுங்கள்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். பனிமலையில் கட்ட வேண்டிய ஒட்டகங்கள் பல.

கப்ரூனின் பெயரைச் சொல்லும்போது 2000 நவம்பர் 11ஐ மறக்க முடியாது. அன்று காலை, கிட்ஸ்ஸ்டைன்ஹோர்னுக்குச் சுரங்கத்தின் ஊடாக ஏறிய மலைப் புகையிரதம் தீப்பற்றியது. பிள்ளைகளும் இளைஞர்களுமாக 155 பேர் மாண்டனர். சாரதி அறையொன்றிலிருந்த சூடேற்றியில் பிடித்த தீ அது. பயணிகளின் கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்புக் கருவி இருக்கவில்லை. சரிந்த சுரங்கம் புகைபோக்கி போலாகிப் புகையை மேலே இழுத்தது. வெளிச்சம் மேலேதான் என்று எண்ணி மேல்நோக்கி ஓடியவர்கள் புகையில் மூச்சடைத்தனர். ஜன்னலை உடைத்துக்கொண்டு, தீயைத் தாண்டிக் கீழ்நோக்கி இறங்கிய 12 பேர் தப்பினர். 2004இல் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 16 பேரையும் விடுவித்தது. அந்தப் புகையிரதம் மீண்டும் ஓடவேயில்லை. இன்று கேபிள் கார்களே மேலே கொண்டு செல்கின்றன.

மரணம் அல்லாஹ்வின் கையில். ஆயினும் தங்கும் வீட்டில் வெளியேறும் வழி எது, புகை வந்தால் எப்பக்கம் போவது என்று முதல் இரவே பிள்ளைகளுக்குக் காட்டுவது நமது கையில். மலை மீட்புப் பணிக்கு 140, பொது அவசரத்துக்கு 112 என்ற இலக்கங்களை எல்லோரும் மனனமிடட்டும். சறுக்குப் பாதைகளில் நீலம் இலேசானது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். முதல் வருடத்தில் நீலத்தைத் தாண்ட வேண்டாம். முன்னே கீழே செல்பவருக்கே வழியுரிமை, பின்னால் வருபவர்தான் விலக வேண்டும். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அம்மாநிலத்தில் தலைக்கவசம் கட்டாயம். பெரியவர்களும் அணியுங்கள். பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை அறிவிப்பார்கள். குறித்த பாதையை விட்டு ஓரடியும் வெளியே போகாதீர்கள். ஏரி உறைந்ததுபோல் தெரிந்தாலும், நடக்கலாம் என்று ஊர் நிர்வாகம் அறிவிக்காமல் அதில் கால் வைக்காதீர்கள். காப்புறுதிப் பத்திரத்தில் பனிச்சறுக்கும் ஹெலிகொப்டர் மீட்பும் அடங்குமா என்று வாசித்துப் பாருங்கள். விசாவுக்கு வாங்கும் காப்புறுதி எல்லாவற்றிலும் அது அடங்காது.

சறுக்காதவர்களுக்கு

வயதான உம்மாவுக்குச் சறுக்கு எதற்கு என்று அவரைப் பேரப்பிள்ளைக்குக் காவல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நடந்து பார்ப்பவர்களும் கேபிள் காரில் ஏறலாம். கிட்ஸ்ஸ்டைன்ஹோர்னில் 3029 மீற்றர் உயரத்தில் பார்வை மேடை இருக்கிறது. ஆனால் இருதய நோயாளரும் கர்ப்பிணிகளும் அந்த உயரத்துக்குப் போகுமுன் டொக்டரிடம் கேட்க வேண்டும். ஏரிக்கரையில் நடை பழகவே ஒரு நாள் போதாது. சின்னப் பிள்ளையை வாப்பா ஒருநாள், மாமா ஒருநாள், மச்சான் ஒருநாள் என்று முறைவைத்துப் பார்க்கட்டும்.

திட்டமிடும் மஷூராவில் வீட்டுப் பெண்களையும் உட்கார வையுங்கள் என்று ஆண்களுக்குச் சொல்கிறேன். சகோதரிகளே, உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். "எனக்கென்ன, நீங்க போய் வாங்க" என்று தியாகம் பேசிவிட்டு, பிறகு மனதுக்குள் வெதும்பாதீர்கள். என்ன வேண்டும் என்பதை முன்பே வாய்திறந்து சொல்லுங்கள். சமையல் தாளில் எல்லோரின் பெயரும் எழுதி முடிந்த பிறகே டிக்கட் போடுங்கள். பெயர் எழுத மறுக்கும் வீட்டுக்கு அல்ப்ஸ் மலை தேவையில்லை. அந்தக் காசில் உம்மாவுக்கு ஊரிலேயே ஒரு வாரம் ஓய்வு கொடுக்கலாம்.

பிரயாணம் செல்வோரின் துஆவை அல்லாஹ் ஏற்றுக்கொள்கிறான் என்பது நபிமொழி தரும் நற்செய்தி. எங்கே போனாலும் பாதுகாப்புடன் போய், ஈமானுடனும் மனமகிழ்வுடனும் வீடு திரும்ப வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.